கெல்வினேட்டர் கம்பெனி விற்ற கார்: என் 1958 மெட்ரோபாலிட்டன்

மில்வாக்கி ரகு | மார்ச் 3

வணக்கம். பழைய வண்டிகளுக்கான இந்தப் பகுதியில் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஜாவா என்றே பேசிப் பழகிவிட்டோம். என் கராஜில் இரண்டரை வருடமாக நிற்பது வேறு சாதி. 1958 மெட்ரோபாலிட்டன் 1500, கூரை வைத்த மாடல். விஸ்கான்சினில் ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோலுக்குள் கிடந்ததை எடுத்துவந்தேன். பின் சீட்டுக்குள் எலிகள் மூன்று தலைமுறையாவது குடும்பம் நடத்தியிருக்கும்.

பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கார் என்றதும் கண் முன்னே வருவது ஐந்து மீட்டர் நீளம், பின்னால் மீன் துடுப்பு. இது மொத்தமே 3.8 மீட்டர். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் பாதி வரை பாவாடை கட்டியதுபோல் தகடு இறங்கியிருக்கும். ஸ்டெப்னி வண்டிக்குள் இல்லை, முதுகில் தொங்குகிறது. பக்கவாட்டில் மின்னல் வெட்டியதுபோல் ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை, அதற்கு மேலே கரீபியன் கிரீன், கீழே வெள்ளை. மிட்டாய்க் கடை பொம்மைக்கு நம்பர் பிளேட் மாட்டிய மாதிரி இருக்கும்.

விற்றது நாஷ்-கெல்வினேட்டர். ஆமாம், அதே ஃபிரிட்ஜ் கெல்வினேட்டர்தான். 1937-ல் நாஷ் கார் கம்பெனியும் கெல்வினேட்டரும் ஒன்றாகின. கெல்வினேட்டரிலிருந்து வந்த ஜார்ஜ் மேசன் இரண்டுக்கும் தலைவரானார். ஊரே பெரிய கார் விற்றுக்கொண்டிருந்தபோது சின்னக் கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். மனிதர் என்னவோ ஆஜானுபாகு. இந்த வண்டிக்குள் எப்படி நுழைந்தார் என்று தெரியவில்லை.

1950 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஒரு மாதிரி வண்டியை நிறுத்தி, "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று வந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு என்.எக்ஸ்.ஐ. என்று பெயர். வரைந்தவர் வில்லியம் ஃப்ளாஜோலி, அடியில் இருந்தது ஃபியட் டோபோலினோ. விற்பனைக்கு வந்தது 1954 மார்ச்சில். கூரை வைத்தது 1,445 டாலர். ஹீட்டருக்கும் ரேடியோவுக்கும் தனிக்காசு. விஸ்கான்சின் குளிரில் இருக்கும் கம்பெனி ஹீட்டரைத் தனியாக விற்றிருக்கிறது பாருங்கள்!

தகட்டு வேலை முடிந்து பெயின்ட்டும் அடித்தாயிற்று. எஞ்சின் இன்னும் பெஞ்சில். படங்கள் போட்டிருக்கிறேன். கேட்க நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

புதுஆள் 92 | மார்ச் 3

அண்ணா, கலர் சூப்பர். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? குழந்தைகள் பூங்காவில் காசு போட்டால் ஆடும் வண்டி மாதிரி இருக்கிறது. இதற்கு இரண்டரை வருடமா?

எண்ணூரான் | மார்ச் 4

ரகு தம்பி, ஐந்தாவது படத்தில் பெஞ்சில் இருக்கும் எஞ்சினை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிறதே, அந்த டேப்பட் கவரை என் வாழ்நாளில் ஆயிரம் தடவை கழற்றியிருப்பேன். அது அம்பாசடர் எஞ்சின். அதாவது அம்பாசடருக்கு வந்த அதே பி.எம்.சி. (ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்த பிரிட்டிஷ் கம்பெனி) பி-சீரிஸ், 1489 சி.சி.

நீங்கள் அமெரிக்கக் கார் என்கிறீர்கள். அதன் வயிற்றில் ஆஸ்டின் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு முன்னால் வந்த மெட்ரோபாலிட்டன்களில் 1200 சி.சி. என்று படித்திருக்கிறேன். முதலில் வந்ததில் இருந்தது ஆஸ்டின் ஏ40 எஞ்சின். அதுவும் எனக்குத் தெரிந்த சாமான்தான். 1948-ல் ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். 1949-லிருந்து எண்ணூரில் ஏ40 கார் பூட்டினார்கள். லேலண்டு வந்து அசோக் லேலண்டு ஆனது 1955-ல், அதற்குப் பிறகு லாரி, பஸ். என் அப்பா அந்த ஏ40 காலத்து ஆள். பெட்டிகளில் வந்த பாகங்களைப் பிரித்து அடுக்குவதுதான் முதல் வேலை என்பார். பெட்டிப் பலகைகூட வீணாகாதாம். எங்கள் வீட்டுப் பரண் அந்தப் பலகையில் செய்தது. மழையில் ஊறியும் இன்னும் உளுக்கவில்லை.

நீங்கள் மில்வாக்கியில் திறந்து பார்த்ததை நாங்கள் எண்ணூரில் எப்போதோ பார்த்துவிட்டோம் என்று சொல்லத்தான் வந்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது.

மில்வாக்கி ரகு | மார்ச் 4

ஐயா, இதைத்தான் நான் கடைசியில் சொல்லலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். நீங்கள் இரண்டாம் நாளே போட்டு உடைத்துவிட்டீர்கள்.

என் வீட்டிலிருந்து கெனோஷா ஒரு மணி நேரத்துக்குள். நாஷ் தொழிற்சாலை இருந்த ஊர். வண்டி வாங்கியபோது, "பக்கத்து ஊரில் பிறந்தது, உள்ளூர்ப் பிள்ளை" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இது கெனோஷாவில் பூட்டப்படவே இல்லை. கப்பலில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் விற்பதற்கென்றே அமெரிக்கர்கள் வரைந்து, முழுக்க முழுக்க இங்கிலாந்தில் செய்த கார்.

காரணம் காசுதான். கொஞ்ச எண்ணிக்கையில் விற்கப்போகும் சின்ன வண்டிக்கு அமெரிக்காவில் புதிதாக அச்சு வெட்டி, எஞ்சின் செய்து, கட்டுப்படியாகாது. இங்கிலாந்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தயாராக இருந்தன. அதற்கு மேலே சட்டை, அதாவது பாடி, மட்டும் தைத்தால் போதும்.

பர்மிங்காம் செல்வி | மார்ச் 5

சட்டை தைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன்!

பாடி செய்தவர்கள் ஃபிஷர் அண்டு லட்லோ, இடம் காசில் பிராமிச். அது பர்மிங்காமின் கிழக்கு ஓரம். போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானம் செய்த பிரம்மாண்டமான தொழிற்சாலை. போர் முடிந்ததும் விமானத்துக்கு வேலை இல்லை, கார் பாடி அடிக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து பாடி தென்மேற்கு ஓரத்திலுள்ள லாங்பிரிட்ஜுக்குப் போகும். ஆஸ்டின் ஆட்கள் எஞ்சினும் சக்கரமும் பூட்டுவார்கள். 1953 அக்டோபரில் தொடங்கி 1961 ஏப்ரல் வரை.

லாங்பிரிட்ஜ் பக்கம் இப்போது போனால் கடைகளும் கல்லூரியும்தான். 2005-ல் தொழிற்சாலை மூடியபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சாவு வீடு மாதிரி இருந்தது. அதில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பஞ்சாபித் தாத்தா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ரகு அண்ணா போட்ட படத்தைக் காட்டினேன். "இது அமெரிக்காக்காரனுக்குச் செய்தது, கதவைப் பார்" என்றார். என்ன கதவு என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அண்ணா.

மில்வாக்கி ரகு | மார்ச் 5

தாத்தா கெட்டிக்காரர். இந்த வண்டியில் இடது கதவின் வெளித்தகடும் வலது கதவின் வெளித்தகடும் ஒன்றே. ஒரே அச்சு. முன்னால் பின்னால் என்று பாராமல் இரண்டு பக்கமும் ஒரே வளைவாக வரைந்திருக்கிறார் ஃப்ளாஜோலி. மாதிரி வண்டியில் இன்னும் பல பாகங்களை இப்படி மாற்றி மாற்றிப் போடும்படி செய்திருந்தார்களாம். உற்பத்திக்கு வந்தபோது மிஞ்சியது கதவுத் தகடு மட்டும்.

அது என்னைக் காப்பாற்றியது. என் இடது கதவு அடியில் சல்லடை. இங்கே ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) மணல் அடித்துத் துருவை எடுக்கக் கொடுத்தேன். அழுத்தத்தை ஏற்றி அடித்துத் தகட்டை அப்பளமாக்கிக் கொடுத்தார்கள். வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரியே நெளிந்திருந்தது. கேட்டால், "பழைய தகடு, அப்படித்தான் இருக்கும்." இடது தகடு எங்கும் கிடைக்கவில்லை. ஒஹாயோவில் ஒருவரிடம் நல்ல வலது கதவு ஒன்று இருந்தது. அதன் தகட்டை எடுத்து, ஓட்டைகளை அடைத்து, இடதுக்குப் போட்டோம். பெயின்ட் அடித்த பிறகு எனக்கே எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது.

இதை வேலை செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. இந்த வண்டியில் எதைப் பார்த்து, "அட, என்ன வித்தியாசமாக இருக்கிறது" என்கிறோமோ, அதன் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். கதவு ஒரே அச்சு: காசு மிச்சம். டிக்கிக்கு வெளியே மூடியே கிடையாது: இன்னோர் அச்சு மிச்சம். 1959 ஜனவரிக்குப் பிறகு வந்ததில்தான் டிக்கி மூடி. என்னுடையது அதற்குச் சற்று முந்தியது. பின் சீட்டின் சாய்மானத்தை மடக்கித்தான் டிக்கிக்குள் கையை விட வேண்டும். கியர் மூன்று: ஆஸ்டினின் நாலு கியர் பெட்டியை எடுத்து முதல் கியரை அடைத்துவிட்டார்கள். மூன்று கியருக்குப் பழகிய அமெரிக்கர்களுக்கு அது போதும் என்று கணக்கு. புதுப் பெட்டி செய்ய வேண்டியதில்லை. டாஷ்போர்டில் ஒரே ஒரு வட்ட டயல், அதிலேயே வேகமும் பெட்ரோலும்.

இத்தனையையும் மறைக்கத்தான் இரட்டை வண்ணம், மின்னல் பட்டை, முதுகில் ஸ்டெப்னி, கட்டம் போட்ட சீட் துணி. ஃபிரிட்ஜ் விற்றவர்களின் மூளை. உள்ளே கம்ப்ரஸர் யாருடையது என்று எவன் பார்க்கிறான், கதவுக்கு நல்ல வண்ணம் அடி.

கோவை அம்பாசடர் டாக்டர் | மார்ச் 6

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன். பி-சீரிஸ் என்றதும் கை அரிக்கிறது.

ரகு சார், எஞ்சினில் போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மில்லிமீட்டரா, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 89-ஆ? அப்படியானால் எங்கள் வண்டியின் கூடப்பிறந்தது. கிராங்கை (எஞ்சினின் சுழல்தண்டு) தாங்க மூன்று மெயின் பேரிங், உடம்பெல்லாம் வார்ப்பிரும்பு, தூக்கினால் இடுப்பு போகும். டேப்பட் கவர் பேக்கிங், ஹெட் பேக்கிங் மாதிரி கசிவு தடுக்கும் சாமான்கள் கோவையில் இன்றும் கிடைக்கும். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். அம்பாசடருக்கு இங்கே வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் செய்தார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், போல்ட் ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

இன்னொன்று. பேட்டரி மாட்டுவதற்குமுன் எர்த் எந்தப் பக்கம், அதாவது எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து ஆஸ்டின்களில் பாஸிட்டிவ் எர்த் சர்வ சாதாரணம். நான் தொழில் பழகிய புதிதில் ஒரு ஏ40-க்குப் பழக்க தோஷத்தில் நெகடிவை பாடியில் கொடுத்து ரேடியோவைப் புகைய விட்டேன். முதலாளி விட்ட அறை இன்னும் இடது காதில் கேட்கிறது.

நீர்வேலியான் | மார்ச் 6

எல்லோருக்கும் வணக்கம், ரொறன்ரோவிலிருந்து. ஏ40 பற்றிக் கதை வந்ததால் நானும் வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கட சித்தப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் இருந்தது. ரகு அண்ணையின் கார் வகையில் முதன்முதலில் வந்த எஞ்சினுக்குச் சொந்தக்காரன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் தங்க விலை, அதுவும் கிடைத்தால். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இது கேள்விப்பட்ட கதை இல்லை. பின் சீற்றில் இருந்து இருமினவன் நான்.

மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது. அதற்காக ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். மூடியில் ஊசித்துளை. பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டு விடுவார், கண்ணுக்கு மருந்து விடுவதுபோல. சித்தி திறப்பைத் திருகுவா. பிடித்ததும் ஓடிவந்து ஏறி, எஞ்சின் சூடேறும் வரைக்கும் அக்சிலேற்றரை விடாமல் மிதித்துக்கொண்டு இருப்பார். பிறகு ஒரு வெள்ளைப் புகை. வைரவர் கோயிலடியில் நிற்கிற சனத்துக்கு ஆர் வருகினம் என்று கார் திரும்பு முன்னமே தெரியும்.

அந்த எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதனால்தான் எதை ஊற்றினாலும் ஒருமாதிரி இழுத்தது. இப்போதைய கார் ஒன்றுக்குள் மண்ணெண்ணெயை விட்டுப் பாருங்கோ.

சித்தப்பாவின் கார் இப்போதும் ஊரில் நிற்கிறது. கலியாணங்களுக்கு வாடகைக்குப் போகுது. மாப்பிள்ளை வேட்டி மண்ணெண்ணெய் மணக்காது, பயப்பிட வேண்டாம்.

எண்ணூரான் | மார்ச் 7

நீர்வேலித் தம்பி, அந்தப் போத்தல் கதையை அப்பா கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். அவர் பூட்டிய வண்டி இல்லை என்றாலும் அதே வண்டிதானே.

புதுஆள் 92 | மார்ச் 7

சரி, கேலி செய்ததற்கு மன்னிப்பு. நிஜமாகவே ஒரு கேள்வி. எஞ்சினைத்தான் வெளியே எடுத்தாயிற்று. திரும்ப அதையே வைப்பதைவிட எலெக்ட்ரிக் மோட்டார் வைத்தால் என்ன? சின்ன வண்டி, எடையும் கம்மி. எண்ணெய் இல்லை, புகை இல்லை.

கோவை அம்பாசடர் டாக்டர் | மார்ச் 7

தம்பி, வீணையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டாலும் சத்தம் வரும்.

மில்வாக்கி ரகு | மார்ச் 7

டாக்டர் சார் அடித்துவிட்டார், நான் தடவிக் கொடுக்கிறேன். புதுஆள், உங்கள் யோசனை தப்பில்லை. 800 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் எடை, மோட்டாருக்கு ஏற்ற வண்டிதான். என் வண்டியில் எஞ்சின் உடைந்து போயிருந்தால் நானே அதைச் செய்திருப்பேன். ஆனால் இது சுற்றுகிறது. ஓடக்கூடிய ஒன்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

அதற்காக எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்று விரதம் எதுவும் இல்லை. சீட் பெல்ட் போட்டுவிட்டேன், அந்தக் காலத்தில் இதில் கிடையாது. என் மகளுக்கு ஒன்பது வயது, பின் சீட்டில் அவள்தான் உட்காரப்போகிறாள். பிரேக்கும் இரண்டு சர்க்யூட்டாக மாற்றினேன். பழையதில் ஒரு குழாய் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. கண்காட்சி நடுவர்கள் மார்க் குறைப்பார்கள். குறைக்கட்டும்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டரை வருடத்தில் ஒன்றரை வருடம் அதற்கே போனது. இதில் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே சேஸிஸ். நாஷ்காரர்கள் அதில் முன்னோடிகள். வண்டி லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும், நல்லதுதான். ஆனால் இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி மாதிரியான விட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பொரிகடலைத் தோல். ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன், கைப்பிடிவரை போய்விட்டது.

அதை வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவு அப்புறம் சாகும்வரை மூடாது. எனவே முதலில் கதவு இருக்கும் இடத்தின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்தேன், எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவதுபோல். பிறகு ஒரு சமயத்தில் ஒரு பக்கம், அதிலும் ஒரு சாண் ஒரு சாணாக வெட்டிப் புதுத் தகடு வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திப் பார்ப்பேன். கதவின் சத்தம் மாறினால் எங்கேயோ இழுத்திருக்கிறது என்று பொருள். மனைவிக்கு அந்தச் சத்தம் கனவில் வந்ததாம்.

பர்மிங்காம் செல்வி | மார்ச் 9

அண்ணா, பழைய விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். 1954-இன் மிஸ் அமெரிக்கா எவலின் ஏ-யை வைத்து விற்றிருக்கிறார்கள். பெண்களைக் குறிவைத்து அமெரிக்காவில் விற்ற முதல் கார்களில் ஒன்று என்று எழுதுகிறார்கள். வீட்டுக்கு இரண்டாவது கார். அம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, கடைக்குப் போக. அப்பாவுக்குப் பெரிய கார் இருக்கும்.

எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். பெண்களுக்கான கார் என்று சொல்லிவிட்டு டிக்கிக்கு மூடி வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைக்குப் போய் மூட்டை தூக்கிய யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே மூடி வந்திருக்கும். மிஸ் அமெரிக்கா அரிசி மூட்டை வாங்கியிருக்க மாட்டார் போல.

மில்வாக்கி ரகு | மார்ச் 9

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். உங்கள் கட்சி.

ஆனால் ஒன்று, டிக்கி மூடி வந்த 1959-ல்தான் விற்பனை உச்சம். 22,000-த்துக்கு மேல். மொத்தமாக அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 95,000 விற்றது. மூடியால்தான் கூடியதா என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில் சின்னக் காருக்கே ஒரு மவுசு வந்திருந்தது. பாவம் மேசன் அதைப் பார்க்கவில்லை. வண்டி வந்த 1954-லேயே அக்டோபரில் போய்விட்டார். அதே வருடம் மே மாதம் நாஷும் ஹட்சன் கார் கம்பெனியும் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகியிருந்தன. இந்த வண்டியை நாஷ், ஹட்சன் என்ற இரண்டு பெயரிலும் விற்றார்கள். 1957-க்குப் பிறகு இரண்டு பெயரும் போய் வெறும் மெட்ரோபாலிட்டன்.

மில்வாக்கி ரகு | ஏப்ரல் 14

அவசரம். எஞ்சினை ஏற்றிவிட்டேன். கோவையிலிருந்து டாக்டர் சார் அனுப்பிய பேக்கிங்குகள் பழைய நாளிதழில் சுற்றி வந்தன, டேப்பட் கவருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்ரோல் வருகிறது. பிளக்கில் நெருப்பு வருகிறது. செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது, சைலன்ஸரில் வெடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். டைமிங் செயின் குறிகளைச் சரியாக வைத்துத்தான் பூட்டினேன். ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்களுக்கு நெருப்புப் போகும் வரிசை) 1-3-4-2 தான். என்னதான் தப்பு?

கோவை அம்பாசடர் டாக்டர் | ஏப்ரல் 14

பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒயர்களை எந்தச் சுற்றில் அடுக்கினீர்கள்? இதில் உள்ளே சுற்றும் ரோட்டர் இடஞ்சுழி. கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும்.

மில்வாக்கி ரகு | ஏப்ரல் 14

ஐயோ.

மில்வாக்கி ரகு | ஏப்ரல் 14

வலஞ்சுழியாக அடுக்கியிருந்தேன். ஒன்றும் நாலும் தானாகவே சரியாக இருந்தன, இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. அதனால்தான் பாதி பிடித்துப் பாதி வெடித்திருக்கிறது. மாற்றிப் போட்டேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருக்கிறேன். கேளுங்கள்.

எண்ணூரான் | ஏப்ரல் 15

கேட்டேன். கைபேசியைக் காதோடு வைத்து நாலு தடவை. வீட்டில் யாரோ டாக்ஸி வந்துவிட்டதா என்றார்கள்.

ஐடிலில் அந்த லேசான தடக்கம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் டேப்பட் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறதோ? ஒரு தடவை கேஜ் போட்டுப் பாருங்கள். அவசரமில்லை.

நீர்வேலியான் | ஏப்ரல் 15

புகை வெள்ளையாக வந்தால் சொல்லுங்கோ, போத்தல் அனுப்புறன்.

மில்வாக்கி ரகு | மே 20

நம்பர் பிளேட் வந்தது. நேற்றுக் கெனோஷாவரை போய்வந்தேன், ஏரிக்கரைச் சாலையில்.

ஐயா சொன்னது சரி, மூன்றாவது டேப்பட்தான். இப்போது அமைதி. கியர் லீவர் டாஷ்போர்டிலிருந்து கைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறது, பழக அரை நாள் ஆனது. மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர்வரை சுகமாகப் போகிறது. அதற்குமேல் போகும், ஆனால் காற்று கூரையோரமாக ஊளையிட ஆரம்பிக்கிறது. மேடு பள்ளத்தில் மட்டும் படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் 85 அங்குலம்தான் இடைவெளி. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலே இதைவிட ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம்.

வீட்டுக்கு வந்து நிறுத்தினால் காலையில் கீழே ஐந்தாறு சொட்டு எண்ணெய். கிராங்கின் பின்பக்கம். கழற்றிப் பார்க்க வேண்டுமா டாக்டர் சார்?

கோவை அம்பாசடர் டாக்டர் | மே 20

கழற்றாதீர்கள். அங்கே எண்ணெயைத் தடுக்கும் சீலே கிடையாது. கிராங்கில் ஒரு திருகுபள்ளம் வெட்டி, சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள். நின்றால் சொட்டும். ஐந்தாறு சொட்டு என்றால் நல்ல எஞ்சின். கீழே ஒரு பழைய தட்டை வையுங்கள்.

புதுஆள் 92 | மே 21

அண்ணா, கெனோஷாவில் யாராவது அடையாளம் கண்டுபிடித்தார்களா?

மில்வாக்கி ரகு | மே 21

பெட்ரோல் பங்க்கில் நாலு பேர் வந்து பேசினார்கள். மூன்று பேர், "நம்ம ஊரில் செய்தது" என்றார்கள். நான் திருத்தவில்லை.

பர்மிங்காம் செல்வி | மே 21

நான் இருந்தால் திருத்தியிருப்பேன்! காசில் பிராமிச் என்று பானெட்டிலேயே எழுதி ஒட்டுங்கள். அது இருக்கட்டும், அண்ணியைக் கடைக்குக் கூட்டிப்போனீர்களா? அரிசி மூட்டை ஏறியதா?

மில்வாக்கி ரகு | மே 22

ஏறியது. 20 பவுண்டு பொன்னி. பின் சீட்டை மடக்கி, நான் முன்னாலிருந்து தள்ள, மகள் உள்ளே உட்கார்ந்து இழுக்க, டிக்கியின் கடைசி மூலைக்குப் போய்விட்டது. வெளியே எடுக்கத்தான் வழி தெரியவில்லை. நேற்றிரவு இட்லி.